கண் காட்டிக்கொடுத்த பக்கவாதம்: ஹின்ட்ஸ் பரிசோதனை பிறந்த கதை

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பியோரியா என்றொரு நகரம். அங்கே நரம்பியல் மருத்துவராகப் பணியாற்றிய ஹோர்ஹே கத்தாவும், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் நியூமன்-டோக்கரும், அவர்களுடைய சகாக்களும் 2009-ல் ‘ஸ்ட்ரோக்’ என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடுமையான தலைசுற்றலோடு மருத்துவமனைக்கு வந்த 101 பேரைப் பற்றிய ஆய்வு அது. மருத்துவர் நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து, சில நிமிடங்களில் செய்து முடிக்கும் மூன்று கண் சோதனைகள் அவர்களில் பக்கவாதம் வந்த ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை. முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ 12 சதவீதம் பேரின் பக்கவாதத்தைக் காணாமல் விட்டுவிட்டது. இந்தத் தவறுகள் எல்லாமே நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்த படங்களில் நேர்ந்தவை.

மூளையை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும் இயந்திரத்துக்குத் தெரியாதது, எதிரே உட்கார்ந்து பார்த்த மருத்துவரின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் லண்டன், வியன்னா, சிட்னி என்று நூறு ஆண்டுக் கதை ஒன்று விரிகிறது. ஸ்கேனை எதுவரை நம்பலாம், எங்கே அது நம்மைக் கைவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதையை நான் அறியேன்.

தலைசுற்றல்: காதா, மூளையா?

காலையில் கண் விழித்ததும் ஒருவருக்கு அறை சுழல்கிறது. மறுபடி படுத்தாலும் நிற்கவில்லை. தலையை லேசாகத் திருப்பினாலே குமட்டி வாந்தி வருகிறது. சுவரைப் பிடிக்காமல் நாலடி நடக்க முடியவில்லை. மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில், விடாமல் சுற்றுகிறது. ஆனால் வாய் கோணவில்லை, கை கால் விழவில்லை, பேச்சு குழறவில்லை.

இப்படி வருபவர்களில் பலருக்குக் கோளாறு, உள்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் சமநிலை நரம்பில் இருக்கும். அந்த நரம்பில் அழற்சி ஏற்பட்டிருக்கும். சில நாள் ஆளைப் படுத்திவிட்டு, சில வாரங்களில் தணிந்துவிடும். உயிருக்கு ஆபத்தில்லை. வேறு சிலருக்கு, சிறுமூளைக்கோ மூளைத்தண்டுக்கோ போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கும். கை கால் நன்றாக இயங்கினாலும் இதுவும் பக்கவாதம்தான்.

இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விளைவோ ஒன்றல்ல. மண்டையோட்டின் பின்கீழ்ப் பகுதியில் சிறுமூளை இருக்கும் இடம் மிகக் குறுகலானது. ரத்தமின்றி இறந்த திசு அடுத்த சில நாள்களில் வீங்கும்போது, அருகிலுள்ள நான்காம் மூளை அறை நசுங்கும். மூளைநீர் வடிய வழியில்லாமல் தேங்கும். மூச்சையும் நினைவையும் ஆளும் மூளைத்தண்டு அழுந்தும். ‘காதுக் கோளாறு’ என்று மாத்திரையோடு வீட்டுக்குப் போனவர் இரண்டு மூன்று நாளில் நினைவிழந்து திரும்பி வருவது இப்படித்தான்.

யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 2006-ல் கெவின் கெர்பரும் சகாக்களும் டெக்சாஸ் மாநிலத்தில் செய்த ஓர் ஆய்வில், தலைசுற்றல், கிறுகிறுப்பு, தள்ளாட்டம் என்று அவசர சிகிச்சைக்கு வந்த 1,666 பேரில் 53 பேருக்குத்தான் பக்கவாதமோ தற்காலிக ரத்த அடைப்போ இருந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர். வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் தலைசுற்றல் மட்டும் இருந்தவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே தலை சுற்றும் எல்லோரையும் ஸ்கேன் அறைக்கு வரிசையில் நிறுத்துவது தீர்வாகாது. அந்தச் சிலரை மற்றவர்களிடமிருந்து எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் மருத்துவர்களை வெகுகாலம் திணறடித்த கேள்வி.

லண்டனில் எடுத்த முதல் படம்

1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மூளைக் கட்டி இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணின் தலையை சி.டி. ஸ்கேனர் முதன்முறையாகப் படம்பிடித்தது. இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி அது. அவருக்குத் துணைநின்றவர் கதிரியக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ். உயிரோடிருக்கும் மனிதரின் மூளைத் திசுவை, மண்டையோட்டைத் திறக்காமல் பார்த்த நாள் அது. 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இதற்கான கணிதத்தைத் தனியே வகுத்திருந்த ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எக்ஸ்-கதிரை எந்தத் திசு எவ்வளவு தடுக்கிறது என்பதை அளந்து படமாக்குவதுதான் சி.டி.யின் வேலை. மூளைக்குள் கசிந்த ரத்தம் அதிகம் தடுக்கும், ஆகையால் படத்தில் உடனே வெள்ளையாகத் தெரியும். ரத்த ஓட்டம் நின்றுபோன திசு அப்படியல்ல. முதல் சில மணி நேரம் அதன் அடர்த்தி கிட்டத்தட்ட மாறாமலே இருக்கும். பிறகு நீர் கோத்து, படத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கத் தொடங்கும். சிறுமூளைப் பக்கம் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. உள்காதைச் சுற்றியிருப்பது உடலின் மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்று. இருபுறமும் உள்ள அந்த எலும்புகளுக்கு இடையே கதிர் ஊடுருவும்போது, சரியாக மூளைத்தண்டின் மேலே கருங்கோடுகள் விழுந்து படத்தைக் கெடுக்கும்.

1995-ல் பக்கவாத சிகிச்சையில் பெரிய திருப்பம் நேர்ந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஊனம் குறைகிறது என்று, 624 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்கத் தேசிய நரம்பியல் நிறுவனம் நடத்திய ஆய்வு காட்டியது. ரத்தக்கசிவு உள்ளவருக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எனவே மருந்துக்கு முன் சி.டி. எடுத்தே ஆக வேண்டும். கசிவு இல்லை என்று உறுதிசெய்வதுதான் அங்கே அதன் தலையாய வேலை. அடைப்பே இல்லை என்று சாதாரண சி.டி.யால் சான்று தர முடியாது. ‘சி.டி. நார்மல்’ என்ற அறிக்கையை, மருந்தைத் தொடங்கத் தடையில்லை என்று மருத்துவர் படிக்கிறார். அதே அறிக்கையை ‘ஒன்றுமில்லை’ என்று குடும்பத்தார் படிக்கிறார்கள். இந்த இடைவெளியில் இழந்த மணி நேரங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

நீரின் நடமாட்டம்

சி.டி. விட்ட குறையை நிரப்ப எம்.ஆர்.ஐ.யில் ஒரு புதிய முறை வந்தது. டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. என்று அதைச் சொல்வார்கள். மூளைத் திசுவில் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அங்குமிங்கும் அலைந்துகொண்டிருக்கும். அந்த அலைச்சலைப் படமாக்கும் வழியை 1980-களின் நடுவில் பிரான்ஸைச் சேர்ந்த டெனிஸ் லெ பிஹான் வகுத்தார்.

ரத்தம் நின்றதும் செல்லுக்குச் சக்தி தீர்ந்துபோகிறது. சோடியத்தை வெளியேற்றிக்கொண்டிருந்த பம்ப் நிற்கிறது. சோடியம் உள்ளே தேங்க, அதன் பின்னாலேயே நீரும் நுழைகிறது. செல்கள் உப்பி, அவற்றுக்கிடையே உள்ள சந்துகள் குறுகிவிடுகின்றன. தேர்த்திருவிழா நாளில் கடைகள் தெருவை அடைத்துக்கொண்ட பின் சந்நிதித் தெருவில் நடப்பவரைப் போல, நீர் மூலக்கூறு நகர வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த முடக்கம் படத்தில் பளீரென்று வெளுத்துத் தெரியும். 1990-ல் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் மோஸ்லியும் சகாக்களும் பூனைகளின் மூளை ரத்தக்குழாயை அடைத்துப் பார்த்தபோது, 45 நிமிடத்திலேயே பாதிப்பு இந்த முறையில் தெரிந்தது. வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் இரண்டு மூன்று மணி நேரம் வரைகூட அது தெளிவாகத் தெரியவில்லை.

மனிதரிடம் இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பதை 2007-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு எண்களில் காட்டியது. பக்கவாதமாக இருக்கலாம் என்று வந்த 356 பேருக்கும் இரண்டு ஸ்கேனும் எடுத்தார்கள். புதிய அடைப்பை எம்.ஆர்.ஐ. 164 பேரிடம் கண்டது, சி.டி. 35 பேரிடம் மட்டுமே கண்டது. ஆனாலும் அடைப்போ கசிவோ, பக்கவாதம் என்று இறுதியில் முடிவான 217 பேரில் 181 பேரைத்தான் எம்.ஆர்.ஐ. பிடித்திருந்தது. மீதி 36 பேரின் படத்தில் எதுவும் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? முதல் காரணம் மூளையின் இயல்பிலேயே இருக்கிறது. நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் பாய்கிறது. அது 20-ஐ ஒட்டிக் குறையும்போது நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிடும், ஆனால் சாகா. 10-ஐ ஒட்டி வீழ்ந்தால்தான் சோடியம் பம்ப் நிற்கும். 1970-களில் லண்டனில் லிண்ட்சே சைமனும் சகாக்களும் பபூன் குரங்குகளிடம் செய்த சோதனைகளில் தெரியவந்த உண்மை இது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நோயாளிக்கு அறிகுறி முழுவதும் இருக்கும், படத்தில் வெளுப்பு இருக்காது. மூளை திணறிக்கொண்டிருக்கும்போதே படம் சுத்தமாக வரும்.

இரண்டாவது காரணம் அளவு. மூளைத்தண்டு கட்டைவிரல் பருமனே உள்ள உறுப்பு. அதில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள அடைப்புகூட ஆளைத் தூக்கி எறிந்துவிடும். ஸ்கேனோ பெரும்பாலும் ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் படமெடுக்கிறது. பக்கத்திலேயே காதெலும்பின் காற்றறைகள் இருப்பதால் காந்தப்புலமும் அங்கே சற்றுக் கோணும். கடுந்தலைசுற்றலை உண்டாக்கிய 105 பக்கவாதங்களை அலசி 2014-ல் வெளியான ஆய்வில், பத்து மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தவை 15. அவற்றில் எட்டை முதல் எம்.ஆர்.ஐ. காணாமல் விட்டிருந்தது. பாதிக்கும் மேல்.

காதிலிருந்து கண்ணுக்கு ஒரு பாதை

இயந்திரம் தடுமாறும் இந்த இடத்தில், உடலே ஒரு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்து வேகமாக இடவலமாக ஆட்டிக்கொண்டே படித்துப் பாருங்கள். எழுத்து கலங்கிவிடும். இப்போது பக்கத்தை அசையாமல் வைத்து, அதே வேகத்தில் தலையை ஆட்டிப் படியுங்கள். எழுத்து நிலையாக நிற்கும். தலை வலப்பக்கம் திரும்பினால், உள்காதின் அரைவட்டக் குழாய்கள் அதை உணர்ந்து, கண்ணை அதே அளவு இடப்பக்கம் திருப்பிவிடுகின்றன. காதிலிருந்து மூளைத்தண்டுக்கு ஒரு நரம்பணு, அங்கிருந்து கண்ணை இயக்கும் மையத்துக்கு இன்னொன்று, அதிலிருந்து கண் தசைக்கு மற்றொன்று என்று மூன்றே கண்ணிகள். நூறில் ஒரு விநாடிக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

இது இல்லாவிட்டால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை 1952-ல் ஒரு மருத்துவர் ஜே.சி. என்ற முதலெழுத்துகளோடு ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ எழுதினார். காசநோய்க்காகப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அவருடைய இரு காதுகளின் சமநிலை உறுப்பையும் அழித்துவிட்டது. தலையை அசைத்தால் உலகமே குதித்தது. நாடித்துடிப்பால் தலை ஆடும் சிறு ஆட்டத்திலேயே அச்செழுத்து கலங்கிற்று. கட்டிலின் உலோகக் கம்பிகளுக்கிடையே தலையை முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டுதான் அவரால் படிக்க முடிந்தது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் கண்ணைத் திருத்திப் பிடிக்கும் அந்த மூன்று நரம்பணுப் பாதை எவ்வளவு பெரிய பணியைச் சத்தமில்லாமல் செய்கிறது என்பதை, அதை இழந்த ஒரு மருத்துவரின் வாக்குமூலம் தெளிவாகக் காட்டியது.

காதையும் கண்ணசைவையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் வியன்னாவின் ராபர்ட் பாரனி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காதைக் கழுவ ஊற்றிய நீர் குளிர்ந்திருந்தால் நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதையும், கண் ஒரு பக்கமாகத் துடிப்பதையும் அவர் கவனித்தார். நீர் சூடாக இருந்தால் துடிப்பின் திசை மாறியது. இதிலிருந்து ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கும் முறையை உருவாக்கினார். அதற்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. ஆனால் வாந்தி எடுத்துத் துவண்டு கிடப்பவரின் காதில் மேலும் நீரை ஊற்றிச் சுழலவிடுவது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஏற்ற காரியமல்ல. படுக்கையருகே, நொடியில் செய்யக்கூடிய சோதனை தேவைப்பட்டது.

சிட்னி, 1988

அதைத் தந்தவர்கள் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தின் நரம்பியல் மருத்துவர் மைக்கேல் ஹல்மாகியும், உளவியல் ஆய்வாளர் இயன் கர்தாய்ஸும். ஒரு பக்கச் சமநிலை நரம்பை அறுவை சிகிச்சையில் வெட்ட நேர்ந்தவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். எந்தப் பக்கம் பழுது என்பதில் அங்கே சந்தேகத்துக்கே இடமில்லை. கண்ணில் மெல்லிய கம்பிச்சுருள் பதித்த வளையத்தைப் பொருத்தி, காந்தப்புலத்தில் உட்காரவைத்து, கண்ணும் தலையும் நகர்வதை மிக நுட்பமாக அளந்தார்கள். அந்த அளவீட்டிலிருந்து அவர்கள் எடுத்துக்கொடுத்ததோ, எந்தக் கருவியும் வேண்டாத ஒரு சோதனை.

மருத்துவர் நோயாளியின் முன் உட்கார்ந்து, தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, “என் மூக்கையே பாருங்கள்” என்கிறார். எதிர்பாராத ஒரு கணத்தில் தலையைச் சிறு கோணத்துக்கு, ஆனால் வெகுவேகமாக, ஒரு பக்கம் திருப்புகிறார். காதும் நரம்பும் நன்றாக இருந்தால் கண் மூக்கைவிட்டு விலகாது. அந்தப் பக்க நரம்பு செத்திருந்தால் கண் தலையோடு சேர்ந்து போய்விடும். இலக்கைத் தவறவிட்டதை உணர்ந்து, ஒரு குதி குதித்து மூக்குக்குத் திரும்பி வரும். அந்த ஒரு குதிதான் அடையாளம். 1988-ல் ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நியூராலஜி’ இதழில் இதை அவர்கள் விவரித்தார்கள். ஹெட் இம்பல்ஸ் டெஸ்ட் என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது.

சிட்னிக்காரர்கள் தேடியது பழுதான காதை. அதே சோதனை பழுதான மூளையையும் காட்டிக்கொடுக்கும் என்பது கதையின் அடுத்த திருப்பம்.

பியோரியாவில் தலைகீழாகப் படித்தார்கள்

மூன்று நரம்பணுக்களின் அந்தப் பாதை காதிலிருந்து மூளைத்தண்டு வழியாகக் கண்ணுக்குப் போகிறது. சிறுமூளைக்குள் நுழைவதில்லை. அப்படியானால், சிறுமூளையில் அடைப்பு ஏற்பட்டு ஒருவருக்குத் தலை சுற்றும்போது, இந்தச் சோதனையில் கண் குதிக்காது. நார்மலாகவே இருக்கும். ஆகவே விடாமல் தலை சுற்றும் நோயாளியிடம் சோதனை பழுதைக் காட்டினால் ஓரளவு நிம்மதி, நார்மலாக வந்தால் எச்சரிக்கை. நல்ல முடிவு கெட்ட செய்தியாகும் இந்த வினோதத்தைப் பிடித்ததுதான் கத்தா, நியூமன்-டோக்கர் குழுவின் பெரிய பங்களிப்பு.

2008-ல் அவர்கள் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். பக்கவாதம் உறுதியான 34 பேரில் 31 பேருக்குச் சோதனை நார்மலாக இருந்தது. நரம்பு அழற்சி உள்ள எட்டுப் பேருக்கும் கண் குதித்தது. விடை கிட்டத்தட்ட கையில் வந்துவிட்டது, ஆனால் மூன்று பேர் நழுவிவிட்டார்கள். பக்கவாதம் இருந்தும் அவர்களுக்குக் காதுக் கோளாறைப் போலவே கண் குதித்தது. மூளைத்தண்டில் அந்தப் பாதையே நுழையும் இடத்தில் அடைப்பு விழுந்தால் இப்படித்தான் நடக்கும். ஒரு சோதனை போதாது என்பது தெளிவாயிற்று.

எனவே இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். இரண்டாவது, கண் துடிப்பின் திசை. காது பழுதானால் கண் ஒரே திசையில்தான் துடிக்கும். நோயாளி எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தத் திசை மாறாது. வலப்பக்கம் பார்க்கும்போது வலப்பக்கமும், இடப்பக்கம் பார்க்கும்போது இடப்பக்கமும் துடித்தால், பார்வையை ஓரத்தில் நிறுத்திவைக்கும் மூளையின் ஏற்பாடு குலைந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவது, கண்களின் மட்டம். ஒரு கண்ணை மூடி, பிறகு அடுத்ததை மூடி, மாறி மாறிச் செய்யும்போது, திறந்த கண் மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ நகர்ந்து சரிசெய்துகொண்டால், இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இல்லை. மூளைத்தண்டு பழுதுபட்டவர்களிடம் இது கணிசமாகத் தென்பட்டது. சிறுமூளை மட்டும் பழுதுபட்டவர்களிடமும் காதுக் கோளாறு உள்ளவர்களிடமும் அரிதாகவே இருந்தது.

மூன்றையும் சேர்த்து வைத்த பெயர்தான் ஹின்ட்ஸ். 2009 ஆய்வின் 101 பேரில் 25 பேருக்குக் காது அல்லது நரம்பில் கோளாறு, 76 பேருக்கு மூளையில். அந்த 76-ல் 69 ரத்த அடைப்பால் வந்த பக்கவாதங்கள். மூன்று சோதனைகளில் ஒன்றாவது மூளையைக் கைகாட்டினால் பக்கவாதமாகக் கருத வேண்டும் என்ற விதியை வைத்துப் பார்த்தபோது, தவறவிட்டவர் எவருமில்லை. காதுக் கோளாறு உள்ளவரைத் தவறாகப் பக்கவாதம் என்றதும் மிக அரிது. முதல் சோதனை ஏமாந்த மூன்று மூளைத்தண்டு அடைப்புகளில் இரண்டை மூன்றாவது சோதனை மீட்டுக்கொடுத்தது.

பின்னர் நான்காவதாக ஒன்றும் சேர்ந்தது. உள்காதுக்கு ரத்தம் போவதும் மூளைத்தண்டுக்குப் போகும் ஒரு ரத்தக்குழாயின் கிளை வழியாகத்தான். அந்தக் குழாய் அடைத்தால் காதும் மூளையும் ஒருசேரப் பழுதாகும். அதனால், காதருகே விரல்களைத் தேய்த்துப் புதிதாக ஒரு காது கேளாமல் போயிருக்கிறதா என்று பார்ப்பதையும் சேர்த்து 2013-ல் ஹின்ட்ஸ் பிளஸ் ஆக்கினார்கள்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு

ஹின்ட்ஸைப் போற்றுகிறவர்கள் அதன் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைசுற்றல் விடாமல் தொடர்ந்துகொண்டிருக்கும்போது, கண் துடிப்பும் இருப்பவரிடம் மட்டுமே இது செல்லும். படுக்கையில் புரளும்போது அரை நிமிடம் சுற்றிவிட்டு நிற்பவரிடமும், சுற்றல் முழுக்க நின்ற பிறகு வந்தவரிடமும் செய்தால், கண் நார்மலாக இருக்கும், அது பக்கவாதம் என்று தவறாகத் தோன்றும். கழுத்தில் அடிபட்டவரின் தலையை இப்படித் திருப்பவே கூடாது. வீட்டில் யாரும் இதை முயலக்கூடாது என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை.

மிகப் பெரிய எல்லை பயிற்சி. 2009-ன் சிறந்த முடிவு, கண்ணசைவில் தேர்ந்த நரம்பியல் நிபுணர்கள் செய்தபோது கிடைத்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான கணிப்பில், நரம்பியல் நிபுணர்கள் செய்தால் சோதனை மிகத் துல்லியமாக இருந்தது. அவசர சிகிச்சை மருத்துவர்களும் சேர்ந்து செய்த ஆய்வுகளில் அந்தத் துல்லியம் வெகுவாகக் குறைந்தது. கண்ணின் அந்த ஒரு குதியைப் பிடிக்கக் கண் பழக வேண்டும். அதனால்தான் தலையில் மாட்டும் கேமரா கண்ணாடியில் அதைப் பதிவுசெய்யும் கருவிகளும் வந்தன. அவற்றை உருவாக்கியவர்களிலும் சிட்னிக் குழுவினர் முன்னணியில் இருந்தார்கள்.

2023-ல் அமெரிக்க அவசர சிகிச்சைக் கல்வியாளர்களின் அமைப்பு தலைசுற்றலுக்கென்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. தொடர் தலைசுற்றலில் பக்கவாதத்தைக் கண்டறிய, பயிற்சி பெற்ற மருத்துவர் ஹின்ட்ஸ் செய்ய வேண்டும், சாதாரண சி.டி.யை நம்பக்கூடாது என்பது அதன் சாரம். அதற்காகச் செய்த தொகுப்பாய்வில், இத்தகைய நோயாளிகளின் பக்கவாதங்களில் சி.டி. மூன்றில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை, எம்.ஆர்.ஐ. ஐந்தில் நான்கைப் பிடித்தது. அந்த ஐந்தாவது ஆளை மறந்துவிடக்கூடாது என்பதே இந்தக் கதையின் பாடம்.

நோயாளியும் குடும்பமும் கேட்க வேண்டியவை

தலை விடாமல் சுற்றி, பிடிமானமின்றி உட்காரவோ நடக்கவோ முடியாமல் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதிதாக ஒரு காது கேளாமல் போவது, இரட்டைப் பார்வை, விழுங்குவதில் தடுமாற்றம், வழக்கத்தில் இல்லாத தலைவலி, கழுத்துவலி ஆகியவை சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்கேன் சுத்தமாக வந்த பிறகும் நோயாளியால் நடக்க முடியாவிட்டால், “கண்ணசைவைப் பார்த்தீர்களா? அடுத்த ஸ்கேன் எப்போது எடுக்கலாம்?” என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

ஸ்கேனைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ரத்தக்கசிவை நொடியில் காட்டும் சி.டி.யும், சில மணி நேரத்தில் அடைப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ.யும் இல்லாமல் இன்றைய பக்கவாத சிகிச்சையே இல்லை. ஆனால் படம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: இந்த நேரத்தில், இந்தக் கருவிக்கு ஏதாவது தெரிகிறதா? இந்த மனிதருக்குப் பக்கவாதமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதற்கு அறிகுறி, பரிசோதனை, படம் மூன்றையும் சேர்த்து வைத்து மருத்துவர்தான் விடை சொல்ல வேண்டும். புதிய ஸ்கேனர் வாங்கக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது, அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் இளம் மருத்துவருக்கு நோயாளியின் கண்ணைப் பார்க்கக் கற்றுத்தருவதில் காட்டினால், காப்பாற்றக்கூடிய பலர் காப்பாற்றப்படுவார்கள்.